‘கோபால்... கோபால்...’ மிமிக்ரி தெரியும். ‘புதிய பறவை’யின் பிரிட்டிஷ் பூர்வீகம் தெரியுமா?

முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் பாட்டிக்கு ஒரு கொள்கை உண்டு. ‘புதிய பறவை’ படத்தின் முடிவை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டார். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்து இரண்டே வருடம் ஆகியிருந்தபோது, பாவாடை தாவணியில் போய்ப் பார்த்த படமாம். நமக்கோ அந்தப் படம் என்றாலே சரோஜாதேவியின் “கோபால்... கோபால்...” மிமிக்ரிதான். போன ஞாயிறு மழையில் பீச் ரோடு போக முடியாமல், பாட்டியோடு உட்கார்ந்து செல்போனில் முழுப் படத்தையும் பார்த்தேன். இதுவரை சிரித்ததற்கு மனசுக்குள் ஒரு ‘ஸாரி’ சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இதன் மூலம் ஒரு பிரிட்டிஷ் த்ரில்லர். 1958-ல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’. ஸ்பெயின் கடற்கரை பங்களாவில் தனியாக இருக்கும் பணக்காரப் பெண் ஆன் பாக்ஸ்டர். அவர் முன் வந்து நின்று, ‘நான்தான் உன் சகோதரன்’ என்கிறார் ரிச்சர்ட் டாட். சகோதரன்தான் செத்துப்போய்விட்டானே!

1963-ல் இந்தக் கதை வங்காளத்தில் உத்தம்குமார் நடிக்க ‘சேஷ் அங்கா’ ஆனது. நாயகி இருந்த இடத்தில் நாயகன். திரும்பி வருவது சகோதரன் அல்ல, செத்துப்போன மனைவி. அடுத்த வருடமே, 1964 செப்டம்பர் 12-ல், சிவாஜியின் சொந்தத் தயாரிப்பாக தாதா மிராசி இயக்கத்தில் ‘புதிய பறவை’ வந்தது.

கப்பலில் தொடங்கும் காதல், ஊட்டி பங்களா, ரயிலைக் கண்டாலே நடுங்கும் கோபால், விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டு என்று ஜாலியாகப் போகும் படத்தில், வரவேற்பு விழாவுக்குள் நுழைகிறார் சௌகார் ஜானகி. கூடவே எம்.ஆர்.ராதா. “அந்த இடத்துல தியேட்டரே கப்சிப்னு ஆயிடுச்சு” என்றார் பாட்டி.

அடுத்த பத்தியில் முடிவு இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பாட்டி கட்சியில் சேர்ந்து அதைத் தாண்டிவிடலாம்.

வந்திருப்பது போலி என்று நிரூபிக்க ஒரே வழி, ‘அசல் ஆளைக் கொன்றதே நான்தான்’ என்று ஒப்புக்கொள்வது. பிரிட்டிஷ் படத்திலும் இதே பொறிதான், போலியாக வந்தவர் போலீஸ். தமிழில் போலீஸ் தரப்பு ஒற்றர் காதலி லதாவேதான்! கோபாலிடம் உண்மையைக் கறக்க வந்தவர், உண்மையாகவே அவரைக் காதலித்துவிடுகிறார். கொலைகாரன் சிக்கினான் என்று நிம்மதியாக எழுந்துபோக முடியவில்லை.

எனக்கு ஒரு நெருடலும் உண்டு. அறைந்ததில் இறந்த மனைவியைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்தவர் கோபால். அவர்மேல் நமக்குப் பரிதாபம் வர, அந்த சித்ராவைக் குடிகாரியாகக் காட்டியே தீர வேண்டுமா? பாட்டியிடம் கேட்டேன். “அடிச்சது தப்புதான். ஆனா, இவ காதலிக்கிறேன்னு சொல்லி ஏமாத்துனாளே, அது?”

என்னிடம் பதில் இல்லை. 2025 ஜூலையில் மறைந்த சரோஜாதேவியின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது. அந்தக் கொஞ்சல் பேச்சில் எங்கே வேலை முடிந்து, எங்கே காதல் தொடங்குகிறது? முடிவு தெரிந்தபின் முதல் காட்சியிலிருந்தே அவர் பார்வைக்கு வேறு அர்த்தம் தெரிகிறது.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “கப்பல் சீன்லேருந்து திரும்பப் போடு.”