கூலி வராத ஆரி பிளவுஸ்கள்

முகூர்த்த சீசனுக்கு முன்னால் பொட்டிக் (boutique) நடத்துபவர்கள் வீடு தேடி வந்து ஆர்டர் கொடுப்பார்கள். ஆரி ஒர்க் தெரிந்த பெண் ராத்திரி பகலாகக் குனிந்து, ஜர்தோசியும் கட் பீட்ஸும் கோத்து முடித்துக் கொடுப்பார். கல்யாணம் முடிந்து, மணப்பெண் மறுவீடும் போய் வந்திருப்பாள். கூலி மட்டும் வராது. கேட்டால், "பார்ட்டி இன்னும் தரலக்கா." மறுபடி கேட்டால், "ஃபினிஷிங் சரியில்லன்னு சொல்லிட்டாங்களே!"

இந்தப் புலம்பலோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிளவுஸைக் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சின்ன வயதிலிருந்து பழகிய கைவேலையைத் தொழிலாக்கும்போது ஸ்டாண்டு வாங்குகிறோம், மெஷின் வாங்குகிறோம், கடையில் மணி மணியாகப் பொறுக்கி எடுக்கிறோம். பில் புத்தகம் மட்டும் வாங்குவதில்லை.

சட்டம் தைப்பவர் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை கேட்கக் கூடாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. எழுத்தில் எதுவும் பேசவில்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 'ஃபினிஷிங் சரியில்லை' என்பதற்கும் அதிலேயே பதில் உண்டு. குறை இருந்தால் பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள்.

ஆகவே கொடுத்த நாள் எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இரண்டு பிரதியாக டெலிவரி சலான் போடுங்கள். தேதி, பிளவுஸ் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் பேசிய கூலி, கொடுத்த மெட்டீரியல் அவர்களுடையதா உங்களுடையதா, வாங்கிய அட்வான்ஸ், மீதி எவ்வளவு, எத்தனை நாளில் தர வேண்டும் என எல்லாம் அதில் வரட்டும். வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "நமக்குள்ள எதுக்குக்கா இதெல்லாம்?" என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம்தான் கட்டாயம் வாங்க வேண்டும். கை, கழுத்து, முதுகு தனித்தனியாகத் தெரியும்படி போட்டோ எடுத்து, கொடுத்த அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தப் பேச்சை அழிக்காதீர்கள்.

இனிச் சொல்வதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்க வேண்டும், அதுவும் ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன்பே. தகராறு வந்தபிறகு பதிவு செய்துவிட்டு ஓடினால், எதிர்த் தரப்பு முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான். பதிவு இலவசம். ஒன்றிய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் போதும், எந்தக் காகிதத்தையும் பதிவேற்ற வேண்டாம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் ஏராளம். மறுபடி சொல்கிறேன், கட்டணம் கிடையாது. முகவரி gov.in என்று முடிகிறதா எனப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பதிவில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, கணவரின் ஆதாரில் பதிந்துவிட்டு மனைவி பெயரில் பில் போடுவது. தைப்பவர் யாரோ, பில் யார் பெயரிலோ, அவர் பெயரிலேயே பதியுங்கள். இன்னொன்று, தொழில் வகை கேட்கும் இடத்தில் பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் 'வணிகம்' என்று தட்டிவிடுவது. வாங்கி விற்பவர்களுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. எம்பிராய்டரிக்குத் தொழில் வகைக் குறியீடு 13991, அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதற்கு 14105. சான்றிதழை அச்செடுத்த கையோடு அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

கெடு தாண்டியதும் சலான் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அசலும் வட்டியும் கேட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் குறு மற்றும் சிறு தொழில் நிறுவனங்கள் வசதியாக்கல் கவுன்சிலில் மனு. சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் இந்தக் கவுன்சில் உண்டு. மனுவை இணையத்திலேயே போடலாம். பொட்டிக் பெங்களூரில் இருந்தாலும் கவலையில்லை, நீங்கள் இருக்கும் பகுதியின் கவுன்சிலே விசாரிக்கும். மனு போடத் தெரியாதென்றால் மாவட்ட தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். "எல்லாம் ஆன்லைன்தாம்மா" என்று தலை நிமிராமல் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். நகராமல் நில்லுங்கள், வழிகாட்டுவது அவர்கள் வேலை.

மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். கவுன்சில்கள் அந்த வரியைப் படித்ததுபோல நடந்துகொள்வதில்லை. ஆனாலும் கைவிட வேண்டாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தபின் அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் பொட்டிக்காரர், அந்தத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். இது தெரிந்ததும் பலர் சமாதானம் பேச வருவார்கள். அப்போது வட்டியை விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் பணம் கணக்கில் ஏறும்வரை மனுவை மட்டும் வாபஸ் வாங்காதீர்கள்.