மூலநிரலினின்று மென்பொருள் ஆக்குதலும் அதற்கு வேண்டும் துணைகளும்

ஒரு பொருளை ஆக்கப் புகுவோன் அதற்கு வேண்டிய பிற பொருள்களையும் முன்னரே ஈட்டுதல் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட முயன்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இலண்டனிலிருந்து அச்சுப்பொறி 1712ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அதனை இயக்குதற்கென அதனுடன் புறப்பட்ட அச்சரோ வழியிலேயே மாண்டார். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை உருவிற் பெரியனவாதலின் இருந்த காகிதம் போதாதாயிற்று. ஆகவே பொறையாற்றிற் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். காகித ஆலையொன்றும் அங்கு நிறுவினர். 1715இல் நூல் முற்றுப்பெற்றது. இக்காலத்தில் மென்பொருளை மூலநிரலினின்று ஆக்குவோரும் இத்தகைய இடர்களையே எதிர்ப்படுகின்றனர்.

மூலநிரலாவது, மனிதர் எழுதவும் படிக்கவும் தக்க வடிவிலுள்ள கட்டளைத் தொகுதி. அதனைக் கணிப்பொறி இயக்கத்தக்க வடிவாகக் கம்பைலர் மாற்றித் தரும். பெரும்பாலார்க்கு இவ்வேலை நேர்வதில்லை. ஆக்கி முடித்த மென்பொருளையே அவர் பெற்றுக்கொள்வர். ஆயினும் சில வேளைகளில் இது தவிர்க்கவொண்ணாதது. அச்சுப்பக்கத்தின் படத்தைப் படித்து எழுத்துகளாக்கித் தரும் டெசராக்ட் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஹியூலெட் பாக்கார்டு நிறுவனத்தார் 1985 முதல் இதனை உருவாக்கினர். 2005இல் இதன் மூலநிரல் யாவர்க்கும் பொதுவாயிற்று. ஐந்தாம் பதிப்பு 2021 நவம்பரில் வெளிவந்தது. அதற்குப் பின் 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 இயங்குதளமோ தன் களஞ்சியத்தில் 4.1.1 என்னும் முந்தைய பதிப்பையே கொண்டிருந்தது. அதன்மேற் புதிய பதிப்பை வேண்டுவோர்க்கு மூலநிரலினின்று ஆக்குதல் ஒரு வழியாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடுதலை அறிந்தோர்க்கு இதன் முறைமை எளிதில் விளங்கும். தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, அதன் பின்னரே பட்டைச் சாற்றில் இடுவர். முன்னது நிகழாவிடிற் பின்னது பயன்படாது. டெசராக்டும் அத்தகையதே. அது படக்கோப்பைத் தானே திறப்பதில்லை. லெப்டோனிக்கா என்னும் நிரல் நூலகத்தைக் கொண்டு திறக்கின்றது. லெப்டோனிக்காவோ பலவகைப் படங்களைப் படித்தற்கு லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப் ஆகிய வேறு நூலகங்களை நாடுகின்றது. இங்ஙனம் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்றலின், இடையில் ஒன்று இல்லையாயினும் வேலை தடைப்படும்.

இத்தடை ஐந்து இடங்களில் தோன்றும். முதலாவது, ஆக்கத்திற்கு முன் நிகழும் சோதனை. கான்ஃபிகர் என்னும் நிரல் வேண்டுவன உளவோவென்று பார்த்து, லெப்டோனிக்கா 1.74 அல்லது அதனினும் மேற்பட்ட பதிப்பு வேண்டுமெனக் கூறி நின்றுவிடும். நூலகம் ஏற்கெனவே கணிப்பொறியில் இருப்பினும் இவ்வாறு கூறுதலுண்டு. மென்பொருளை இயக்குதற்குரிய பகுதியும், புதிதாய் ஆக்குதற்குரிய தலைப்புக் கோப்புகளும் உபுண்டுவில் வெவ்வேறு பொதிகளாய் இருத்தலே காரணம். ஆக்குதற்குரிய பொதியின் பெயர் டெவ் என்று முடியும். அதனை நிறுவினால் தடை நீங்கும். இரண்டாவது, கம்பைலர் ஒரு தலைப்புக் கோப்பைக் காணாமல் நிற்றல். மூன்றாவது, ஆக்கிய பகுதிகளை இணைக்குங்கால் நூலகம் அகப்படாமை. நான்காவது, ஆக்கம் முற்றிய பின்னும் இயக்குங்கால் நூலகம் காணாமை. புதிய நூலகம் இருக்குமிடத்தை எல்டிகான்ஃபிக் என்னும் கட்டளையால் அறிவித்தல் இதற்கு மருந்து. ஐந்தாவது, தமிழுக்குரிய பயிற்சிக் கோப்பு இல்லாமை. மூலநிரலுடன் அக்கோப்பு வருவதில்லை. தனியே பெற்று உரிய அடைவில் இடல் வேண்டும்.

பிழைச்செய்தி பல வரிகளாய் ஓடுமிடத்து, முதற்பிழையையே முதலிற் படித்தல் வேண்டும். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. காணாத கோப்பின் பெயர் தெரிந்தால், அஃது எப்பொதியிலுளது என்பதை ஆப்ட்-ஃபைல் என்னும் கருவி காட்டும். களஞ்சியத்திலுள்ள பழைய பதிப்பிற்கு வேண்டிய துணைகளையெல்லாம் ஒருங்கே நிறுவும் கட்டளையும் உண்டு. புதிய பதிப்பிற்கும் அவற்றுட் பல பயன்படும்.

தடுத்து நிறுத்தும் குறையினும் வாய்திறவாத குறை கொடியது. லிப்பிஎன்ஜியின் டெவ் பொதி இல்லாமலே லெப்டோனிக்காவை ஆக்கினும் ஆக்கம் இனிதே முடியும். பின்னர்ப் பிஎன்ஜி வகைப் படமொன்றைக் கொடுத்தாற்றான் படிக்கவியலாமை வெளிப்படும். புறத்தே பதப்பட்டதாய்த் தோன்றுந் தோலை விளிம்பில் வெட்டிப் பார்த்தாலன்றி உள்ளே பச்சையாயிருத்தல் தெரியாதவாறு போல்வது இது. ஆதலின் சோதனையின்போது அச்சாகும் செய்திகளை முழுதும் படித்தலும், ஆக்கிய பின் ஒரு படத்தைக் கொடுத்துப் பார்த்தலும் இன்றியமையாதன.

பழைய நூலகத்திற்குப் புதியதன் பெயரைச் சூட்டி இயங்கச் செய்யலாமென்று சிலர் கூறுவர். பெயர் மாறினும் உள்ளடக்கம் மாறாதாகலின் அது பின்னர்ப் பெருங்கேடாய் முடியலாம். இயங்குதளத்தின் நூலகத்தை அழித்து அவ்விடத்திற் புதியதை வைத்தலும் தகாது. அதனைச் சார்ந்த பிற மென்பொருள்கள் கெடும். புதியதைத் தனி அடைவில் நிறுவி, அவ்விடத்தைச் சோதனை நிரலுக்குச் சுட்டிக்காட்டுதலே நன்று. நிறுவியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தால், அடுத்து முயல்வார்க்கு அத்தாளே வழிகாட்டியாகும்.

தமிழ் பயில்வார் இதனைக் கற்பதனாற் பயனென்னையென்று வினவலாம். மிஷன் அச்சகங்கள் முற்காலத்து வெளியிட்ட நூல்கள் பல தாள் பழுத்து நொறுங்குகின்றன. அவற்றைப் படமாக்கினாற் பக்கத்தின் தோற்றம் காக்கப்படும்; எழுத்தாக்கினாலன்றிச் சொல்லைத் தேடவும் ஒப்புநோக்கவும் இயலாது. சிறு கோப்பொன்று இல்லையென்னுங் காரணத்தால் அப்பணியைக் கைவிடுதல் நமக்கு அழகன்று. எழுத்துப் பெரிதாயிற்றென்று புதிய ஏற்பாட்டை அச்சிடாமல் விட்டாரல்லர் நம் முன்னோர். இல்லாதது யாதென்று தெளிந்து, அதனை முறையாய் ஈட்டி, மேற்கொண்ட வேலையை முடித்தனர். நாமும் அவ்வழியே செல்லக் கடமைப்பட்டுள்ளோம்.