செயலிக்குத் தெரியாமல் ஒரு கொடுக்கல் வாங்கல்

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட சூப்பர் கம்ப்யூட்டருக்குப் ‘பரம் பொருள்’ என்று பெயர். அதன் திறன் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். இப்படிப்பட்ட இயந்திரத்தை ஒரே கணினி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தனக்கென்று செயலியும் நினைவகமும் கொண்ட பல சர்வர்களை ரேக்குகளில் அடுக்கி, ‘இன்ஃபினிபேண்ட்’ என்ற வலையால் பிணைத்திருக்கிறார்கள். ஒரு வானிலைக் கணக்கை இவற்றுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு சர்வரும் தன் பங்கின் ஓரத்து எண்களைப் பக்கத்து சர்வருக்கு ஓயாமல் அனுப்பியாக வேண்டும். அது தாமதமானால் விலை உயர்ந்த செயலிகள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நாம் தினமும் புழங்கும் டிசிபி முறையில் தரவு சுற்றுவழியில் போகிறது. நிரல் ‘அனுப்பு’ என்றதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் குறுக்கே வரும். தரவைத் தன் இடத்துக்கு ஒரு பிரதி எடுக்கும். பொட்டலங்களாகப் பிரித்து முகவரி ஒட்டும். அதன் பிறகே நெட்வொர்க் கார்டிடம் கொடுக்கும். எதிர்முனையில் கார்டு செயலியின் வேலையைக் குறுக்கிடும், அங்குள்ள கர்னல் பொட்டலங்களைக் கோக்கும், இன்னொரு பிரதி எடுத்து நிரலிடம் சேர்க்கும். வாட்ஸ்அப்புக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் இது தாராளம். நொடிக்கு லட்சக்கணக்கில் சின்னச் சின்னத் தகவல்களைப் பரிமாறும் இடத்தில்தான் வலிக்கும்.

ஆர்.டி.எம்.ஏ. என்கிற தொலைநிலை நேரடி நினைவக அணுகல் இந்தச் சுற்றுவழியை வெட்டிவிடுகிறது. என் கணினியின் கார்டு என் நினைவகத்திலிருந்து நேராகத் தரவை எடுக்கிறது. எதிர்க் கணினியின் கார்டு அதன் நினைவகத்தில் நேராக எழுதுகிறது. எதிர்க் கணினியின் செயலிக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நல்ல வன்பொருளில் இதற்கு ஒன்றிரண்டு மைக்ரோவினாடி போதும்.

இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் ‘கப்ரு’ என்ற கணினித் தொகுப்பை அமைத்தது. 144 லினக்ஸ் கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள்; உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் அந்த ஆண்டே இடம்பிடித்தது. அவற்றை இணைத்தது எஸ்.சி.ஐ. என்ற வலை. ஒரு கணினி இன்னொன்றின் நினைவகத்தைத் தன்னுடையதைப் போலவே முகவரியிட்டு எழுத விடும் ஏற்பாடு அது. எஸ்.சி.ஐ. பின்னால் வழக்கொழிந்தது. 1999இல் கூட்டமைப்பாகத் தொடங்கி 2000இல் வரையறை கண்ட இன்ஃபினிபேண்ட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று ஏ.ஐ. பயிற்சிக் கூடங்கள் பலவும் இதன் மேல்தான் ஓடுகின்றன.

இதைக் கற்கத் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை, லட்சங்களில் கார்டு வாங்கவும் வேண்டாம். லினக்ஸ் கர்னலில் 2016இல் 4.8ஆம் பதிப்போடு ‘சாஃப்ட் ராக்கி’ என்ற ஒன்று சேர்ந்தது. சாதாரண ஈத்தர்நெட் கார்டின் மேல் ஒரு போலி ஆர்.டி.எம்.ஏ. கருவியை அது உண்டாக்கிவிடும். உத்திரமேரூரில் என் மேசை மேல் இரண்டு பழைய லேப்டாப்புகள், நடுவே ஒரு லேன் கேபிள், ஆளுக்கு ஒரே ஒரு கட்டளை, கூடம் தயார். வேகம் கிடைக்காது, கார்டு செய்ய வேண்டியதை எல்லாம் செயலியே செய்கிறதே. ஆனால் எழுதும் நிரல் அசல் கார்டுக்கு எழுதும் அதே நிரல்தான். கற்பவருக்கு வேண்டியது அதுதானே.

புதியவர்கள் தடுக்கி விழுவது தரவை அனுப்பும்போது அல்ல, இணைப்பை அமைக்கும்போது. தரவு நகரும் நேரத்தில் கர்னல் அங்கே இல்லை. அது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எல்லாம் முன்கூட்டியே கேட்டு முடித்தாக வேண்டும். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையைச் சொல்லும் கி.பி. 921ஆம் ஆண்டின் பராந்தக சோழன் கல்வெட்டு இருக்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன், நொடியில் முடிந்துவிடும். கல்வெட்டில் நீண்டு கிடப்பதோ, யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்ற தகுதிப் பட்டியல்: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்கள் உறவினரும் ஆகாது. ஆர்.டி.எம்.ஏ. நிரலும் அப்படித்தான் இருக்கும். முந்நூறு வரிகளில் அனுப்புவது பத்து வரி.

முதலில், எந்த இணைப்பு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஒரு பாதுகாப்பு எல்லையை உண்டாக்க வேண்டும். பிறகு, தரவு இருக்கும் நினைவகத்தைக் கார்டிடம் பதிவு செய்ய வேண்டும். இயங்குதளம் நினைவகப் பக்கங்களை இடம் மாற்றும், வட்டுக்கும் தள்ளும். செயலியைக் கேட்காமல் கார்டு எழுதப்போகும் இடம் அப்படி நகரலாமா? பதிவு செய்த பக்கங்கள் அங்கேயே பூட்டப்படும். பதிவுக்குச் சான்றாக இரண்டு சாவிகள் வரும்: ஒன்று உள்ளூருக்கு, இன்னொன்று எதிராளிக்கு. எதிராளியின் சாவி வெறும் 32 பிட் எண். அதுவும் நினைவக முகவரியும் கையில் இருந்தால்தான் வெளியிலிருந்து என் நினைவகத்தைத் தொட முடியும். இந்தப் பதிவு முதல் முயற்சியிலேயே ‘நினைவகம் போதாது’ என்று தோற்றால் ரேம் வாங்க ஓட வேண்டாம். ஒரு பயனர் எவ்வளவு பூட்டலாம் என்று லினக்ஸ் வைத்திருக்கும் வரம்பை உயர்த்தினால் போதும்.

அடுத்தது, முடிந்த வேலைகளின் அறிவிப்பு வந்து விழும் வரிசை. அதற்குப் பிறகு மையப் பொருள்: ‘க்யூ பேர்’ என்ற இரட்டை வரிசை, அனுப்ப ஒன்று, பெற ஒன்று. பிறக்கும்போது அது எதற்கும் உதவாது. தொடக்க நிலை, பெறத் தயார், அனுப்பத் தயார் என்று ஒவ்வொரு படியாக நாம் ஏற்றிவிட வேண்டும். ‘பெறத் தயார்’ படிக்கு ஏற்ற எதிராளியின் வரிசை எண், முகவரி, முதல் பொட்டலத்தின் எண் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பே இல்லாதபோது அவை எப்படித் தெரியும்? டிசிபி வழியாகத்தான்! லினக்ஸின் ஆர்.டி.எம்.ஏ. நூலகத்தோடு கிடைக்கும் பிங்பாங் மாதிரி நிரல், 18515 என்ற போர்ட்டில் சாதாரண டிசிபி இணைப்பைத் திறந்து இந்த எண்களை மாற்றிக்கொள்கிறது. எதை ஓரங்கட்டக் கிளம்பினோமோ அதன் காலிலேயே முதலில் விழுகிறோம். இந்த வம்பு வேண்டாம் என்பவர்களுக்கு இணைப்பு மேலாளர் என்ற நூலகம் உண்டு. ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், முகவரி தீர்ப்பது, வழி கண்டுபிடிப்பது, கோரிக்கை அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் நிகழ்வாகச் சொல்லி நடத்திக்கொடுக்கும். என் ஆலோசனை, முதலில் ஒருமுறை கையாலேயே எல்லாப் படிகளையும் ஏறிவிடுங்கள். மேலாளர் எதை மறைக்கிறது என்று தெரிந்தால்தான் பிழை வரும்போது விழிக்க மாட்டோம்.

ஏனென்றால் பிழைகள் இங்கே தாமதமாகப் பேசும். ‘அனுப்பத் தயார்’ என்பது என் பக்கத்து அறிவிப்பு மட்டும். எதிராளியைக் கேட்டுச் சொன்னது அல்ல. ஒரு கார்டுக்குப் பல முகவரிகள் ஒரு பட்டியலாக இருக்கும்: ஐ.பி. நான்காம் பதிப்புக்கு ஒன்று, ஆறாம் பதிப்புக்கு ஒன்று என்று. அதில் தவறானதைத் தேர்ந்தாலும் எல்லாப் படிகளும் வெற்றி என்றே சொல்லக்கூடும். முதல் தரவை அனுப்பிக் காத்திருந்தால்தான் 12 என்ற பிழை எண் வரும்: பல தடவை அனுப்பிப் பார்த்தேன், பதில் இல்லை. ஃபயர்வாலில் யு.டி.பி. 4791 போர்ட் மூடிக் கிடந்தாலும் இதே 12தான். நேராக எழுதாமல், எதிராளி பெற்றுக்கொள்ளும்படி அனுப்பும்போது அவர் பெறுவதற்கு இடம் எதுவும் போட்டு வைக்காமலிருந்தால் 13. சாவியோ அனுமதியோ பொருந்தாவிட்டால் 10. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி இரவுகள் மிச்சம்.

ஒருநாள் மாலை கரண்ட் போனது. பேட்டரி செத்துப்போன லேப்டாப் அணைந்துவிட்டது, மற்றது ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய கணினியில் இரட்டை வரிசை இன்னும் ‘அனுப்பத் தயார்’ நிலையிலேயே நின்றது. நான் எதையாவது அனுப்பினால் ஒழிய அதற்கு எதுவும் தெரியப்போவதில்லை. அனுப்பினேன். எவ்வளவு நேரம் காக்கும் என்பதை நாம் கொடுக்கும் ஒரு சிறு எண் முடிவு செய்கிறது: 4.096 மைக்ரோவினாடியை, இரண்டின் அத்தனையாவது அடுக்கால் பெருக்க வேண்டும். 14 என்று கொடுத்தால் சுமார் 67 மில்லிவினாடி. ஏழு முறை திரும்ப முயன்றால் அரை நொடி போல. 0 என்று கொடுத்துவிட்டால் முடிவில்லாமல் காக்கும், கரண்ட் வரும் வரை அல்ல, நாம் நிரலைக் கொல்லும் வரை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பிங்பாங் நிரல் தன் எண்களை அனுப்புவது போலச் சாவியையும் நினைவக முகவரியையும் டிசிபியில் அப்படியே அனுப்பினால், அவை மறைப்பின்றிப் போகும். தரவுக்கும் இந்த முறையில் தானாக மறையாக்கம் கிடையாது. வெளியார் நுழையாத மூடிய வலைக்குள் ஓட்டுவதற்கென்றே பிறந்தது. இணையத்தில் திறந்து வைப்பதற்கு அல்ல.

கட்டியதைக் கலைக்கவும் ஒழுங்கு உண்டு. முதலில் இரட்டை வரிசை, அப்புறம் நினைவகப் பதிவும் அறிவிப்பு வரிசையும், கடைசியில் பாதுகாப்பு எல்லை. முறை மாறி எல்லையை முதலில் கலைக்கப் போனால் ‘இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று கர்னல் மறுத்துவிடும். அந்த மறுப்பு வந்தால், பதிவு செய்த நினைவகம், இரட்டை வரிசை என்று எல்லைக்குள் உண்டாக்கிய ஏதோ ஒன்றை நிரலில் விடுவிக்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். அவற்றை உண்டாக்கிய வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.