ஊரிகத்துப் பாறையும் வீட்டு ரவுட்டரும்

கோலார் தங்கவயலில் ஊரிகத்தை அடுத்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டி இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். வெடித்த இடத்தை அறிய, தங்கவயலில் பல இடங்களில் அதிர்வுமானிகளைப் பதித்தார்கள். பாறையில் அதிர்வலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். எந்த மானியை முதலில் தொட்டது, மற்றவற்றை எத்தனை மில்லிநொடி கழித்துத் தொட்டது என்பதை வைத்தே இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். வீட்டில் நாம் அறியாமல் வைஃபையில் இயங்கும் கேமராவைத் தேடுவதும் இதே புதிர்தான். ஆனால் அதே விடை இங்கே செல்லாது. ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போய்விடுகிறது. கடிகாரம் அவ்வளவு பிசகினாலே, நாம் தேடும் கருவி கணக்கில் அடுத்த தெருவுக்குப் போய்விடும். சாதாரண ரவுட்டர்களின் கடிகாரங்களை அதைவிட நுட்பமாக ஒன்றோடொன்று இணைத்து ஓட்டுவது எளிதல்ல.

ஆகவே மிஞ்சுவது சிக்னலின் பலம் மட்டுமே. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் பலம் கால்பங்காகும் என்பது உண்மை. வீட்டுக்குள்ளோ பீரோவும் தகரக் கூரையும் அலையைத் திருப்பியடிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், ரவுட்டரை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு மாறிவிடும். ஒரே அளவீட்டை வைத்து இத்தனை மீட்டர் என்று சொல்லும் எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம் என்பேன். சுவர்கள் கணக்கைக் கெடுக்குமே என்று கேட்கலாம். மீட்டரைத் தேடினால் கெடுக்கும். அறையைத் தேடினால் அதே சுவர்தான் துணை. தடித்த கல்சுவரைத் தாண்டியதும் பலம் சட்டென்று விழுகிறது. ரவுட்டரை அறை அறையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களின் சராசரியை எடுத்தால், எந்த அறைச் சுவர்களுக்குள் கருவி இருக்கிறது என்பது பெரும்பாலும் புலப்படும். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளில் மட்டும், பக்கத்து வீட்டுக் கருவியாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

இதற்கு எல்லை உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வரும் பட்டியல், அதனோடு இணைந்த கருவிகளையே காட்டும். இணையாதவற்றின் பேச்சைக் கேட்க, ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருளை ஏற்ற இடம்தரும் ரவுட்டர் வேண்டும். எதையும் அனுப்பாமல் மெமரி கார்டில் மட்டும் பதியும் கேமரா இந்த முறையில் அகப்படாது. செல்போன்கள் தங்கள் வைஃபை முகவரியை மாற்றிக்கொள்கின்றனவே என்றால், தேடவேண்டியது ஒரே இடத்தில் இருந்து ஓயாமல் அனுப்பும் கருவியைத்தான். முகவரி மாறினாலும் அந்த ஓயாத பேச்சு அதைக் காட்டிக்கொடுக்கும். பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் முதலில் உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் அந்தப் பெயர் நீடித்தால், ரவுட்டரை எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தேடத் தொடங்குங்கள்.