பளபளக்கும் பைபர் பம்பரின் மறுபக்கம்: யாரும் பார்க்காத இடத்தில்தான் ஆயுளும் ஆபத்தும்

கடையில் மாட்டியிருக்கும் புதிய பைபர் கிளாஸ் பம்பரின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல இருக்கும். அதையே திருப்பி உட்புறத்தை வெறுங்கையால் தடவியவர்களுக்கு அன்று முழுவதும் கை அரிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி இழைகள் தோலில் ஏறிவிடுவதே காரணம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர பலருக்கும் வேறு வழியிருக்கவில்லை. அசல் பாகம் கிடைக்காத அல்லது விலை கட்டுப்படியாகாத இடங்களில் உள்ளூரில் வார்க்கப்படும் பைபர் பம்பர், மட்காட், பொனற் போன்றவை கைகொடுக்கின்றன. ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

உட்புறம் ஏன் கரடுமுரடாகிறது?

மெழுகு பூசிய அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் பூசப்படுகிறது. அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பை வைத்து ரெசினில் நனைக்கிறார்கள். அச்சைத் தொட்டிருக்கும் பக்கம் வழுவழுப்பாகிறது. மறுபக்கம் காற்றுக்குத் திறந்திருக்கிறது. பொலியெஸ்டர் ரெசின் இறுகுவதைக் காற்றிலுள்ள ஒட்சிசன் தடுப்பதால், அந்த மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடுகிறது.

அப்படியே விட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை. ரயர் வீசும் சேற்றுநீர், வெளியே தெரியும் இழைகளின் வழியே உள்ளே ஊறுகிறது. காலப்போக்கில் இழைக்கும் ரெசினுக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. போல்ற் பூட்டும் துளைகளைச் சுற்றி வெடிப்பு விழ இதுவும் ஒரு காரணம்.

ஈரமாக இருக்கும்போதே முடிப்பது

நல்ல வேலையின் இரகசியம், இறுகிய பிறகு தேய்ப்பதல்ல. இறுகுவதற்கு முன்பே சீராக்குவது. கடைசி அடுக்காக மிக மெல்லிய இழைத்தாளை விரித்து, ரோலரால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினால் தடித்த இழைகள் அடங்கிவிடும். ரெசின் றப்பர் போல இருக்கும் பருவத்தில் ஓரங்களைக் கூரிய கத்தியால் வெட்டினால் தூசு பறக்காது.

பிறகு மெழுகுக் கரைசல் சிறிதளவு கலந்த ஜெல்கோட்டை மெல்லிய பூச்சாகத் தூரிகையால் அடிக்க வேண்டும். இதை ஃப்ளோகோட் என்பார்கள். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைப்பதால் மேற்பரப்பு முழுமையாக இறுகும். தடிப்பாகப் பூசுவது நல்லதல்ல. இழை இல்லாத தடித்த பூச்சு வெடித்துவிடும்.

ஏற்கனவே வாங்கிய பாகமாயின் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். அதன்பின் 80 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து, அசிற்றோனால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். புதிதாகத் துளைக்கும் ஓட்டைகளின் விளிம்புகளையும் பூசி மூடுவது அவசியம்.

தூசு வீட்டுக்கும் வருகிறது

முடிக்காத உட்புறத்தைக் கிரைண்டரால் தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூசு கண்ணையும் தொண்டையையும் மூச்சுக் குழாயையும் உறுத்தும். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் தரக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018 இல் ஸ்டைரீனை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் சேர்த்தது.

கொரோனா காலத்துத் துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு, இரசாயன வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். தூசுக்கும் அதற்குரிய வடிகட்டி வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பெருமளவு குறையும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை பாதிக்கப்படலாம். ஆகவே கண்ணாடி கட்டாயம். ஹார்ட்னரையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

வேலை முடிந்ததும் உடுப்பிலுள்ள தூசைக் காற்றுக் குழாயால் ஊதுவது, அதை மீண்டும் மூச்சுக்குள் அனுப்புவதாகும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்புகளோடு சேர்த்துத் துவைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்த முறை பைபர் பாகம் வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் பூசி முடிக்கப்பட்டிருந்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது நியாயமே. அந்தப் பணம் உங்கள் வாகனத்துக்கு மட்டுமல்ல, அதைச் செய்தவரின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.