கொதிநீரிலும் சாகாத உறக்கம்

மத்தியானம் சமைத்த சோறு மிஞ்சிவிட்டால் அதனை மூடி அடுப்படியிலேயே வைத்துவிடுகின்றோம். இரவிலோ மறுநாட் காலையிலோ சூடாக்கி உண்கின்றோம். கொதித்து வெந்த சோற்றிலே கிருமி எங்ஙனம் உயிரோடு இருக்கும் என்பது நமது எண்ணம். ஆனால், அரிசியோடு மண்ணிலிருந்து வரும் ‘பசிலஸ் சீரியஸ்’ என்னும் பற்றீரியா, நம் உலையின் கொதிப்பையும் தாங்கிக் கிடக்க வல்லது. உயிருள்ள பற்றீரியா மடிந்துபோகும். அதன் வித்தி மடியாது.

உணவு அருகிய காலத்தில் இப்பற்றீரியா தன்னுள்ளே ஒரு வித்தியை அமைத்துக்கொள்கின்றது. தடித்த உறைகள் அதனைச் சூழ்கின்றன. உள்ளே நீர் வெகுவாகக் குறைந்துவிடுகின்றது. கல்சியமும் டைபிக்கோலினிக் அமிலமும் சேர்ந்த ஒரு பொருள் நிறைந்து, அதன் உலர்நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகின்றது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏயை ஒருவகைச் சிறு புரதங்கள் போர்வைபோல் மூடிக் காக்கின்றன. சுவாசம் இல்லை, வளர்ச்சி இல்லை, இறப்பும் இல்லை.

1876ஆம் ஆண்டிலே ஜேர்மனியைச் சேர்ந்த பேர்டினன்ட் கோன், வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்தும் அழியாத வித்திகளை விவரித்தார். அதே ஆண்டில் ரொபேட் கொக், அந்திராக்சு நோய்க் கிருமியும் வித்தியாகி மீள்வதைக் காட்டினார். அடுத்த ஆண்டு, பிரித்தானியாவில் ஜோன் தின்டால் ஓர் உபாயம் கண்டார். திரவத்தை ஒரே முறையில் நெடுநேரம் கொதிக்கவைப்பதை விடுத்து, இடைவெளி விட்டுப் பலமுறை சிறிது நேரம் சூடாக்கினார். இடைவேளையில் வித்திகள் விழித்தன. விழித்தவை அடுத்த சூட்டில் மாண்டன. உறங்குங்கால் வெல்லமுடியாத பகைவன் விழித்தவுடன் எளியவனாகிவிடுகின்றான் என்பதே அவ்வுபாயத்தின் இரகசியம்.

அவ்விழிப்பு நிகழ்வது எங்ஙனம்?

வித்தியின் உள்ளுறையில் சில புரதங்கள் காவலாளரைப்போல் நிற்கின்றன. அலனீன் போன்ற ஓர் அமினோவமிலம் வந்து தொட்டதும், உணவு கிட்டிவிட்டது என்று அவை உணர்கின்றன. மிதமான சூடும் வித்தியை விழிப்புக்கு ஆயத்தப்படுத்தும். உடனே உள்ளிருந்த கல்சியப் பொருள் வெளியேறுகின்றது, நீர் உட்புகுகின்றது, கவசமாயிருந்த உட்பட்டை கரைகின்றது. சில நிமிடங்களில் வெப்பத்தைத் தாங்கும் வல்லமை போய்விடுகின்றது.

இங்கே ஆராய்ச்சியாளரை வியப்பில் ஆழ்த்தியது ஒன்றுண்டு. புரத உற்பத்தியைத் தடுக்கும் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தையும், ஆர்.என்.ஏ உற்பத்தியைத் தடுக்கும் அக்ரினோமைசின் என்னும் மருந்தையும் வித்திகளுக்கு இட்டுப் பார்த்தனர். வித்திகள் அப்போதும் விழித்தன, ஆனால் வளரவில்லை. விழிப்பதற்கு வேண்டியவை யாவும் முன்பே உள்ளே ஆயத்தமாயிருந்தன என்பதும், புதிதாக ஆக்கவேண்டிய வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது என்பதும் இதனாற் புலனாயின. இக்கருத்தை யாவரும் ஒருமுகமாய் ஏற்றனர் என்பதற்கில்லை. 2015இல் ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், விழிப்பின்போதே புரத உற்பத்தி தேவைப்படுகின்றது என வாதித்தனர். அமெரிக்க விஞ்ஞானி பீற்றர் செற்லோவும் அவர் குழுவினரும் அதனை மறுத்துப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டனர்.

விழித்த வித்தியின் நிலை, நெடுநாட் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டும் குடும்பத்தின் நிலையை ஒத்தது. புறத்தேயிருந்து பொருள் வருமுன் வீட்டிலுள்ள சேமிப்பே கைகொடுக்கின்றது. சேர்த்துவைத்த பொசுபோகிளிசெரிக் அமிலம் முதற் சக்தியைத் தருகின்றது. டி.என்.ஏயைப் போர்த்திருந்த சிறு புரதங்களை ஒரு நொதியம் துண்டாடி அமினோவமிலங்களாக்குகின்றது. உறக்கத்திலே போர்வையாயிருந்தது விழிப்பிலே உணவாகின்றது! போர்வை நீங்கிய டி.என்.ஏயிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ பிரதி செய்யப்படுகின்றது. அத்தூதினை, வித்தியிலே காத்திருந்த றைபோசோம்கள் வாசித்து, அமினோவமிலங்களைக் கோத்துப் புரதங்களை ஆக்குகின்றன. ஆர்.என்.ஏ முன்னும் புரதம் பின்னுமாக வேலை பெருக, உறையைப் பிளந்துகொண்டு ஓர் இளம் பற்றீரியா வெளிவருகின்றது. பின்பு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகின்றது.

இனி நமது சோற்றுப் பானைக்கு வருவோம். உலையின் சூடு மற்றைக் கிருமிகளை அழித்து, வித்திகளை ஆயத்தப்படுத்திவிட்டது. பானை மெல்ல ஆறி வெதுவெதுப்பாய்க் கிடக்கும் மணித்தியாலங்களே அவற்றின் நற்காலம். பெருகும் பசிலஸ் சீரியஸ் இனங்களுட் சில, சோற்றிலேயே ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலே பொரித்த சோறு உண்டவர்கள் பலர் சில மணித்தியாலங்களுள் வாந்தியெடுத்து வருந்தியதற்கு இதுவே காரணமென அறியப்பட்டது. அந்நஞ்சு மீளச் சூடாக்கினாலும் அழியாது. கிருமியைக் கொன்றுவிட்டோம் என நாம் மகிழலாம். அது விட்டுச்சென்ற நஞ்சு சோற்றிலேயே இருக்கும்.

ஆகவே, மிஞ்சிய சோற்றை 60 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேலான சூட்டில் வைத்திருத்தல் வேண்டும். இயலாவிடின், அகன்ற தட்டிலே பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். வித்தியை நம் அடுப்பினால் வெல்லமுடியாது. அது விழித்துப் பெருகுவதற்கு வேண்டிய வெதுவெதுப்பையும் நேரத்தையும் கொடாதிருக்க நம்மால் முடியும். சிறு பிள்ளைகளுள்ள வீடுகளில் அவ்வளவு கவனமேனும் வேண்டுமன்றோ?