எழுத்துத் தரமும் தரப்புள்ளிச் சராசரியும் – ஒரு விளக்கம்

பெறுபேற்றுத் தாளிற் காணும் ஓர் எழுத்தினால் மகிழ்வதும் மனஞ்சோர்வதும் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் நிகழ்வனவாகும். ஆயினும், அவ்வெழுத்து எவ்வாறு தோன்றியது, அதனை இன்னோர் எழுத்தோடு கூட்டிச் சராசரி காண்பது எவ்வளவு தூரம் பொருந்தும் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பல்கலைக்கழகத்துட் புகும் மாணவனும், பட்டம் பெற்றுப் பிறநாட்டு உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவியும் இவ்வினாக்களை எதிர்நோக்கியே ஆகவேண்டியுள்ளமையால், அவற்றை இங்குச் சிறிது விரிவாக நோக்குவது பயனுடைத்து.

முதலிற் பாடசாலைப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இன்று 75 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றோர்க்கு ஏ, 65 முதல் 74 வரை பீ, 50 முதல் 64 வரை சீ, 35 முதல் 49 வரை எஸ் எனத் தரம் வழங்கப்படுகின்றது. அதற்குக் கீழ்ப்பட்டது டபிள்யூ ஆகும். முன்னைய முறையிலோ உச்சத் தரம் டீ என்பதாகும். அது விசேட சித்தியைக் குறித்தது. சீ திறமைச் சித்தியையும், எஸ் சாதாரண சித்தியையும், எஃப் சித்தியின்மையையும் குறித்தன. 'எட்டு டீ எடுத்தவர்' என்று ஊரே ஒருவரைச் சுட்டிப் பேசிய காலம் அது. அதே டீ இன்று நம் பல்கலைக்கழகப் பெறுபேற்றில் தோல்விக்கு அண்மித்த தரமாகும். பழைய சான்றிதழொன்றைப் பிறநாட்டு அலுவலரிடம் நீட்டுவோர், எழுத்தின் பொருள் அச்சிடப்பட்ட பக்கத்தையும் உடன் நீட்டுவது நன்று. எழுத்துக்குத் தன்னளவிற் பொருளில்லை. அதனை வழங்கிய அளவுத்திட்டமே அதற்குப் பொருள் தருகின்றது.

எழுத்துத் தரம் ஒரு வீச்சினைக் குறிப்பதேயன்றி ஒரு புள்ளியைக் குறிப்பதன்று. 75 பெற்றவனும் 98 பெற்றவனும் ஒரே எழுத்துக்கு உரியராகின்றனர். 74 பெற்றவனோ ஒரு புள்ளியால் வேறோர் எழுத்துக்கு உரியனாகின்றான். சித்தியடைந்தோர் யாவர் என அறிவதற்கு இம்முறை போதும். ஆனால், இடங்கள் குறைவாகவும் போட்டியாளர் மிகுதியாகவும் உள்ள பல்கலைக்கழக அனுமதிக்கு இது போதாது. ஆகவேதான் உயர்தரப் பரீட்சையில் எழுத்துத் தரத்துக்கு அப்பாற்பட்ட ஒரு கணிப்புத் தேவைப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் அனுமதிக்குப் பயன்பட்டு வரும் இசட் புள்ளி அத்தகையது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் அவர்களின் பெயர் அதன் அறிமுகத்தோடு இணைத்துப் பேசப்படுவதாகும்.

இசட் புள்ளியின் தத்துவம் எளியது. ஒரு பாடத்திற் பரீட்சார்த்தி பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடையைக் கழித்து, வருவதனை நியம விலகலால் வகுத்தல் வேண்டும். ஒருவர் கடினமான ஒரு பாடத்தில் 60 புள்ளி பெறுகின்றார். அப்பாடத்தின் இடை 40, நியம விலகல் 16 எனக் கொள்வோம். அவரது இசட் புள்ளி 1.25 ஆகும். வேறொருவர் இடை 58, நியம விலகல் 12 ஆகவுள்ள பாடத்தில் 70 பெற்றால் அவருக்கு 1.00 மட்டுமே கிடைக்கும். எழுத்துத் தரம் நோக்குமிடத்துப் பின்னவரே உயர்ந்தவர். தத்தம் குழுவினுள் பெற்ற நிலையை நோக்குமிடத்து முன்னவர் உயர்ந்து நிற்கின்றார். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே இறுதிப் புள்ளியாகக் கொள்ளப்படுகின்றது.

இங்கு 'குழு' என்னும் சொல்லே யாவற்றையும் தாங்கி நிற்பது. எவரோடு எவரை ஒப்பிடுகின்றோம் என்பது மாறின் விடையும் மாறும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய அவ்விரு தொகுதியினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, இரு தொகுதியினரையும் வேறுவேறாகக் கொண்டு மீளக் கணிக்கப் பணித்தது. புள்ளிவிபரவியலின் ஓர் அடிப்படை வினா நீதிமன்றத்திலே தீர்க்கப்பட நேர்ந்த அரிய சந்தர்ப்பமாக அதனைக் கருதலாம்.

தமிழ் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. 1970/71 கல்வியாண்டு அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400இற்கு 250 புள்ளியும், சிங்கள மொழிமூலம் தோற்றியோர் 229 புள்ளியும் பெறவேண்டுமென வெட்டுப்புள்ளிகள் வேறாக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து 1973இல் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தல் வந்தது. சூத்திரத்தை மட்டும் நோக்கின், அதற்கும் இசட் புள்ளிக்கும் உறவு நெருங்கியதே. குழுவைப் பாடத்தாற் பிரிப்பதா, பரீட்சார்த்தி எழுதிய மொழியாற் பிரிப்பதா என்பதிலேதான் வேறுபாடு. அவ்வொரு வேறுபாடே ஒரு தலைமுறையின் வாழ்க்கைப் போக்கினை மாற்றியது. மொழிமூலத் தரப்படுத்தல் 1970களின் இறுதியிற் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வெவ்வேறு விகிதங்களில் தொடர்ந்து வந்துள்ளது.

இனிப் பல்கலைக்கழகத்துள் வழங்கும் தரப்புள்ளிச் சராசரிக்கு வருவோம். இங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் பெறுமானம் அளிக்கப்படுகின்றது. ஏ பிளஸ், ஏ ஆகிய இரண்டுக்கும் 4.0, ஏ மைனஸுக்கு 3.7, பீ பிளஸுக்கு 3.3, பீ 3.0, பீ மைனஸ் 2.7, சீ பிளஸ் 2.3, சீ 2.0 என அது இறங்கிச் செல்கின்றது. பாடங்கள் யாவும் ஒரே பாரமுடையன அல்லவாதலின், ஒவ்வொன்றுக்கும் கிரெடிற் எனப்படும் நிறையும் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிற் மாணவரின் 50 மணிநேரக் கற்றலைக் குறிப்பதாகும். தரப்புள்ளியைக் கிரெடிற்றாற் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிற்றால் வகுக்க வருவதே தரப்புள்ளிச் சராசரி.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவி மூன்று கிரெடிற் பாடமொன்றில் ஏ, இன்னொரு மூன்று கிரெடிற் பாடத்திற் பீ பிளஸ், இரண்டு கிரெடிற் பாடத்திற் சீ, ஒரு கிரெடிற் பாடத்தில் ஏ மைனஸ் பெறுகின்றாள். பெருக்கங்கள் முறையே 12.0, 9.9, 4.0, 3.7. கூட்டுத்தொகை 29.6. அதனை 9ஆல் வகுக்க 3.29 வரும். நிறையைக் கருதாது நான்கு தரப்புள்ளிகளையும் கூட்டி நான்கால் வகுப்போர் 3.25 என்னும் பிழையான விடையைப் பெறுவர். மாணவரிடையே மிகப் பரவலாகக் காணும் தவறு இதுவே.

இம்மாணவியின் 3.29 என்னும் எண்ணில் ஓர் இடர்ப்பாடு மறைந்துள்ளது. பொதுவாக வழங்கும் நியமத்தின்படி முதலாம் வகுப்புக்கு 3.70உம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30உம், கீழ்ப்பிரிவுக்கு 3.00உம் வேண்டும், வேறு நிபந்தனைகளும் உள. பட்டநெறி முழுவதற்கும் இவளது சராசரி இதுவேயாயின், மேற்பிரிவு கைநழுவிவிடும். 40 முதல் 44 வரை சீ, 45 முதல் 49 வரை சீ பிளஸ் என வகுக்கும் ஒரு பீடத்தில் இவள் 44 புள்ளி பெற்றிருந்தாள் எனக் கொள்வோம். ஒரேயொரு புள்ளி கூடியிருந்தால் அப்பாடத்தின் தரப்புள்ளி 2.3 ஆகி, கூட்டுத்தொகை 30.2 ஆகிச் சராசரி 3.36 ஆக உயர்ந்திருக்கும். பாடங்கள் பலவாகும்போது ஒரு புள்ளியின் தாக்கம் குறையும் என்பது உண்மையே. எனினும் எல்லைக்கோட்டின் அருகே நிற்போர்க்கு அது முற்றாக நீங்குவதில்லை.

வேறொரு விந்தையும் உண்டு. அதே பீடத்தில் 85இற்கு மேல் ஏ பிளஸ், 70 முதல் ஏ, 60 முதல் 64 வரை பீ பிளஸ், 55 முதல் 59 வரை பீ எனின், சம கிரெடிற் உடைய இரு பாடங்களில் 90உம் 59உம் பெற்றவனுக்கு 3.50 கிடைக்கும். 70உம் 60உம் பெற்றவனுக்கு 3.65 கிடைக்கும். மூலப் புள்ளிகளின் சராசரியோ முன்னவனுக்கு 74.5, பின்னவனுக்கு 65. ஒரு பாடத்தில் மிகச் சிறந்து விளங்குவதைக் காட்டிலும் எதிலும் எல்லைக்கோட்டினைத் தாண்டி நிற்பதையே இம்முறை போற்றுகின்றது. அது நன்றா தீதா என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஆராய்ச்சித் துறைக்கு ஆட்களைத் தெரிவு செய்வோர் மூலப் புள்ளிகளையும் கேட்டறிதல் வேண்டும் என்பது எமது எண்ணம்.

70 என்னும் புள்ளிக்கு உயர்தரம் அளிப்பது எங்கிருந்து வந்தது எனச் சிலர் வினவக்கூடும். 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகமும் பிரித்தானிய வகுப்பு முறையையே பின்பற்றியது. அம்மரபில் 70 என்பது முதலாம் வகுப்பின் வாயில். அமெரிக்க மரபிலோ ஏ தரம் பெரும்பாலும் 90இன் அயலிலேயே தொடங்குகின்றது. நாம் அமெரிக்கரின் நான்கு புள்ளி ஏணியை இரவல் பெற்று, அதன் படிகளில் பிரித்தானியப் புள்ளிகளை வைத்துள்ளோம் எனலாம். இதனை அறியாதார் 70ஐ 25ஆல் வகுத்து 2.8 எனப் பிறநாட்டு விண்ணப்பத்தில் நிரப்பிவிடுகின்றனர். 4.0 பெற்ற பாடம் தம் கையாலேயே 2.8 ஆகக் குறைந்துவிடுகின்றது.

ஜெர்மனியில் ஒன்று என்பதே உச்சத் தரம். நான்கு என்பது சித்தியின் கடைநிலை. அங்குப் பிறநாட்டுப் பெறுபேற்றினை மாற்றுவதற்கு வழங்கும் பவேரியச் சூத்திரத்தில், உச்சப் பெறுமானத்திலிருந்து பெற்ற பெறுமானத்தைக் கழித்து, உச்சத்துக்கும் ஆகக்குறைந்த சித்திக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றாற் பெருக்கி ஒன்றைக் கூட்டுவர். நம் மாணவியின் 3.29ஐ, ஆகக்குறைந்த சித்தி 2.00 எனக் கொண்டு மாற்றினால் ஏறத்தாழ 2.1 வரும். டீ தரத்தின் 1.00ஐ ஆகக்குறைந்த சித்தி எனக் கொள்ளின் 1.7 வரும். மாணவி ஒருத்தியே, பெறுபேறும் ஒன்றே, விடை இரண்டு. எனவே, விண்ணப்பத்திற் தாமே மாற்றிய எண்ணை எழுதுவதைத் தவிர்த்து, பெற்ற தரத்தை அவ்வாறே எழுதி, பட்டத்துக்குரிய ஆகக்குறைந்த சராசரி யாதெனத் தெளிவாகக் குறிக்கும் அளவுத்திட்டப் பக்கத்தைப் பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையோடு பெற்று இணைத்தல் வேண்டும். க.பொ.த. பெறுபேறுகளுக்கும் இதுவே முறை. அச்சான்றிதழில் உள்ளது எழுத்துத் தரமே, தரப்புள்ளிச் சராசரி அன்று.